ஜான் கார்பென்டர் படங்களை எங்கே தொடங்குவது, எப்படிப் பார்ப்பது

அமெரிக்க இயக்குநர் ஜான் கார்பென்டரின் ஹாலோவீன் படத்தைப் போட்டு அரை மணி நேரம் பார்த்துவிட்டு "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று நிறுத்திவிட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டால், பஸ்ஸில் வரும்போது போனில் பார்த்தேன் என்பார்கள், இல்லையென்றால் சாப்பிட்டுக்கொண்டே டிவியில் பார்த்தேன் என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இப்போது வருகிற பேய்ப்படங்கள் நம்மை அப்படித்தான் பழக்கி வைத்திருக்கின்றன: பயப்பட வேண்டிய நேரம் வந்தால் படமே டமாலென்று சத்தம் போட்டு நம்மைக் கூப்பிடும், அதுவரை வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். ஜான் கார்பென்டரும் சில இடங்களில் திடுக்கிட வைப்பார்தான். ஆனால் அவர் படங்களில் நிஜமான பயம் அதற்கு ரொம்ப முன்னாலேயே, சத்தமில்லாமல், திரையின் ஏதோ ஒரு ஓரத்தில் வந்து நின்றிருக்கும். அந்த ஓரத்தைப் பார்க்கக் கண்ணைப் பழக்கிவிட்டால் போதும், இந்த மனிதரின் படங்கள் உங்களை விடாது.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1948ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், வளர்ந்தது கென்டக்கியில் பௌலிங் கிரீன் என்ற ஊரில். அப்பா ஹோவர்ட் கார்பென்டர் இசைப் பேராசிரியர். இது பின்னால் முக்கியமாகும். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். மாணவர் படமாகத் தொடங்கி, பிறகு நீட்டி முடித்த டார்க் ஸ்டார் 1974ல் வந்தது. திகில் பட இயக்குநர் என்று பெயர் வாங்கினாலும் அவர் உயிராக நேசித்தது பழைய ஹாலிவுட் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸின் படங்களை, அதிலும் ரியோ பிராவோ மாதிரி வெஸ்டர்ன்களை, அதாவது கௌபாய் படங்களை. ஒரு கட்டடத்துக்குள் சிலர் மாட்டிக்கொள்வார்கள், வெளியே ஆபத்து நிற்கும், உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் நம்பலாமா கூடாதா என்று ஓடும். கார்பென்டரின் பாதிப் படங்களுக்கு இதுதான் எலும்புக்கூடு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்துக்கு முன்னால் திரையைச் சரிசெய்யுங்கள்

முதல் வேலை ரிமோட்டில் இருக்கிறது. 1976ல் வந்த அசால்ட் ஆன் ப்ரீசிங்ட் 13 தொடங்கி, கார்பென்டர் தியேட்டருக்காக எடுத்த படங்கள் அநேகமாக எல்லாமே அகலத்திரையில் எடுத்தவை. உயரத்தைப் போல ஏறக்குறைய 2.35 மடங்கு அகலம். ஹாலோவீனுக்குக் கையில் இருந்தது 3 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அந்தப் பணத்திலும் அவர் அகலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நம் வீட்டு டிவியோ 16க்கு 9. அதனால் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும், விட்டுவிடுங்கள். திரை நிரம்பட்டும் என்று ஜூம் செய்தால் அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும், போனில் இரண்டு விரலால் விரித்தாலும் அதே நஷ்டம்தான், அந்தக் கால் பங்கில்தான் பெரும்பாலும் ஆள் நிற்பான். வீடியோ கேசட் காலத்தில் இரண்டு பக்கமும் வெட்டிய பிரதிகளைப் பார்த்துவிட்டு இவர் படங்களைச் சாதாரணம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அவர்கள் பார்த்தது பாதிப் படத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

அப்புறம் டிவி அமைப்புகளுக்குள் போய், அசைவை வழவழப்பாக்கிக் காட்டுகிற வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் எல்லாப் படமும் சீரியல் மாதிரி தெரியும். பிரைட்னஸை ஏற்றாதீர்கள், அறை விளக்கை அணையுங்கள். ஹாலோவீன், தி ஃபாக், தி திங் மூன்றுக்கும் ஒளிப்பதிவு டீன் கண்டி. அவர் இருட்டை அளந்து வைத்திருக்கிறார், எதிலிருந்து எவ்வளவு தெரிய வேண்டும், எப்போது தெரிய வேண்டும் என்று. நீங்கள் வெளிச்சத்தை ஏற்றினால் அந்தக் கணக்கு குலைந்துபோகும்.

ஒலி ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், தேவைப்பட்டால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். டப்பிங்கில் பேச்சு முன்னால் வந்து, மூச்சும் காற்றும் கதவுச் சத்தமும் பின்னால் போய்விடுகின்றன. நல்ல ஸ்பீக்கர் இல்லாவிட்டால் ஹெட்ஃபோன் போதும்.

இன்னொன்று, தேடும்போது வருஷத்தைப் பாருங்கள். ஹாலோவீன் என்ற அதே பெயரில் 2007லும் 2018லும் படங்கள் இருக்கின்றன, உங்களுக்கு வேண்டியது 1978. அதிலும் 91 நிமிடப் பதிப்பு. அமெரிக்க டிவிக்காகப் பின்னால் காட்சிகளைச் சேர்த்து நீட்டிய ஒரு பதிப்பும் சுற்றுகிறது, அது வேண்டாம். தி திங் என்ற பெயரில் 2011ல் வந்தது வேறொருவர் எடுத்த முன்கதை, தவறிப்போய் அதை முதலில் பார்த்தால் 1982 படத்தின் பெரிய ரகசியங்கள் போச்சு. தி ஃபாக், அசால்ட் இரண்டுக்கும் 2005ல் ரீமேக் வந்தன.

ஹாலோவீன்: கண்ணைப் பழக்குகிற படம்

எல்லாரும் தி திங் பார்க்கச் சொல்வார்கள். அது இவருடைய ஆகச் சிறந்த படம் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை, ஆனால் அதில் தொடங்காதீர்கள். ஹாலோவீனில் தொடங்குங்கள், ஏனென்றால் இவர் ஃபிரேமை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று நமக்குக் கற்றுக்கொடுப்பதற்காகவே எடுத்த படம் மாதிரி இருக்கும் அது.

கதை என்று சொல்ல ஒன்றுமில்லை. 1963ல் ஒரு ஹாலோவீன் இரவில், அதாவது அமெரிக்கர்கள் பேய் வேஷம் போட்டுக் கொண்டாடுகிற அக்டோபர் கடைசி இரவில், ஆறு வயதுப் பையன் ஒரு கொலை செய்கிறான். 15 வருஷம் கழித்து மனநல விடுதியிலிருந்து தப்பி, ஹாடன்ஃபீல்ட் என்ற தன் சொந்த ஊருக்கே வருகிறான். அவ்வளவுதான். முதல் காட்சி அந்தப் பையனின் கண் வழியாகவே நீளமாக ஓடும், வெட்டே இல்லாதது போல. கேமராவை உடம்பில் மாட்டிக்கொண்டு ஆட்டமில்லாமல் நடக்க உதவும் கருவி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அதை வைத்து வீட்டின் வெளியிலிருந்து சமையலறைக்கு, அங்கிருந்து மாடிக்கு, என்று நம்மையே நடத்திக் கூட்டிப்போகிறார். இந்தக் காட்சியில் ஒன்றைக் கவனியுங்கள்: இனி படம் முழுக்க, கேமரா லேசாக ஆடிக்கொண்டு நகரும்போதெல்லாம் "இது யாருடைய கண்?" என்ற கேள்வி நமக்குள் விதைக்கப்பட்டுவிடுகிறது. சும்மா தெருவைக் காட்டினால்கூடச் சந்தேகம் வரும்.

அவன் தப்பிக்கிற இரவுக் காட்சி முடிந்ததும் கிட்டத்தட்ட அரை மணி நேரம் பகல். இங்கேதான் பலர் போனை எடுக்கிறார்கள். எடுக்காதீர்கள், படத்தின் உயிர் இங்கே இருக்கிறது. லாரி என்ற பெண் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள், ஆசிரியை விதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், ஜன்னலுக்கு வெளியே தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு கார், அதன் பக்கத்தில் ஒருவன் நிற்கிறான். அவள் திரும்பிவிட்டு மறுபடி பார்த்தால் இல்லை. பிறகு நடைபாதையில் ஒரு புதர் வேலி ஓரம். பிறகு கொல்லையில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவில். ஒவ்வொரு தடவையும் அவன் தூரத்தில், சின்னதாக, நடுப்பகலில் நிற்கிறான். எதுவும் செய்வதில்லை. இப்படி நாலைந்து தடவை ஆனதும் நமக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது: லாரியின் முகத்தை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் இருக்கிற கதவை, மரத்தை, தெரு முனையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். கார்பென்டருக்கு வேண்டியது அதுதான். இரவு வந்ததும் அவர் பாதி ஷாட்களில் யாரையும் நிறுத்த வேண்டியதில்லை, வெறும் இடத்தை விட்டுவைத்தால் போதும், நாமே அதில் ஆளைத் தேடிக்கொண்டிருப்போம்.

கடைசிப் பகுதியில் லாரி ஒரு வாசல் ஓரம் சாய்ந்து அழுகிற ஒரு காட்சி வரும். பக்கத்திலிருக்கும் இருட்டிலிருந்து முகமூடி மெல்ல மெல்லத் தெரிய வரும். கட் இல்லை, அசைவு இல்லை, விளக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்கிறார்கள். பிரைட்னஸை ஏற்றி வைத்துப் பார்ப்பவருக்கு அந்த முகம் முதலிலேயே தெரிந்திருக்கும், காட்சியே இல்லாமல் போயிருக்கும். படம் முடிகிற நிமிடத்தில் வெறும் அறைகளை, மாடிப்படியை, தெருவை வரிசையாகக் காட்டுவார்; அந்த இடத்தில் எழுந்து போய்விடாதீர்கள், அந்த வெற்றிடங்களுக்கு மேல் என்ன சத்தம் கேட்கிறது என்று கேளுங்கள்.

ரத்தம் அதிகம் இருக்கும் என்று பயந்து தள்ளிப்போட்டவர்களுக்கு: இந்தப் படத்தில் ரத்தம் அநேகமாக இல்லை. இதைப் பார்த்து எடுத்த ஸ்லாஷர் படங்கள்தான், அதாவது கொலைகாரன் ஒவ்வொருவராக வெட்டிப்போடுகிற படங்கள்தான், ரத்தத்தைக் கொட்டின, அவை எடுத்துக்கொண்டது கத்தியையும் முகமூடியையும். காலி இடத்தை எடுத்துக்கொண்டவை ரொம்பக் குறைவு.

பணமில்லாமல் எடுத்த விதம் தெரிந்தால் படம் இன்னும் பிடிக்கும். இலையுதிர் காலக் கதை, எடுத்தது 1978 வசந்த காலத்தில், கலிபோர்னியாவில் தெற்கு பாசடீனா பக்கம். மரமெல்லாம் பச்சை. இலைகளுக்குப் பழுப்பு நிறம் அடித்துத் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் பொறுக்கிப் பைகளில் போட்டு, அடுத்த தெருவுக்கு எடுத்துப்போனார்கள். முகமூடி, ஸ்டார் ட்ரெக் தொடரின் கேப்டன் கிர்க், அதாவது நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகம். கடையில் மலிவாக வாங்கி, வெள்ளை அடித்து, கண் துளையைப் பெரிதாக்கினார்கள். தயாரிப்பாளரும் திரைக்கதையில் பாதியும் டெப்ரா ஹில். பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பகுதிகள் அவருடையவை, அந்த அரட்டை இயல்பாக இருப்பதால்தான் பின்னால் நிற்கிறவன் உறுத்துகிறான். கார்பென்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஹில்லை விட்டுவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

இசையைத் தனியாகக் கேளுங்கள்

தன் படங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தானே இசை போடுகிற இயக்குநர் இவர். ஆரம்பத்தில் காரணம் எளிது, இன்னொருவருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. ஹாலோவீனின் இசையைச் சில நாட்களில் முடித்தார். அதன் மையப் பாட்டு ஐந்தின் கணக்கில் ஓடுகிறது. சின்ன வயதில் அப்பா பாங்கோ மேளம் வாங்கிக் கொடுத்து ஐந்தைத் தட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தொடையில் தட்டிப் பாருங்கள்: தகிட தகிட தக தக, தகிட தகிட தக தக. நான்கு என்று எதிர்பார்க்கிற காதுக்கு அது ஒவ்வொரு சுற்றிலும் காலை வாரிவிடும், எங்கேயும் உட்கார முடியாது. அந்தப் பியானோ சத்தம் கேட்டதுமே பதற்றம் வருவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தாளம்தான்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். படத்தை முழுதாக ஒரு தடவை பார்த்த பிறகு, லாரி தெருவைத் தாண்டி எதிர் வீட்டுக்கு நடந்துபோகிற காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், பிறகு சத்தத்தோடு பாருங்கள். ஒரு பெண் ரோட்டைக் கடக்கிறாள், அவ்வளவுதான் படத்தில் இருப்பது. ஒரு பெரிய ஸ்டுடியோ அதிகாரிக்கு இசை சேர்ப்பதற்கு முன்னால் படத்தைப் போட்டுக் காட்டியபோது அவர் கொஞ்சமும் பயப்படவில்லை என்று கார்பென்டரே சொல்லியிருக்கிறார்.

பிந்தைய படங்கள் பலவற்றில் ஆலன் ஹோவர்த் அவரோடு சின்தசைசரில் சேர்ந்துகொண்டார். எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க் இசையை ராத்திரி வண்டி ஓட்டும்போது கேட்கச் சொல்வேன்.

அசால்ட், தி ஃபாக்

ஹாலோவீன் முடிந்ததும் நேரே தி திங் போகாமல் ஒரு படி பின்னால் வந்து அசால்ட் ஆன் ப்ரீசிங்ட் 13 பாருங்கள். மூடப்போகிற ஒரு போலீஸ் நிலையம், அதன் கடைசி இரவு, உள்ளே ஒரு போலீஸ் அதிகாரி, இரண்டு பெண்கள், வழியில் இறக்கிவிடப்பட்ட கைதிகள். வெளியே ஒரு கும்பல், அவர்கள் பேசுவதே இல்லை, துப்பாக்கியில் சைலன்ஸர் வேறு. ரியோ பிராவோவை லாஸ் ஏஞ்சலஸ் தெருவுக்குக் கொண்டுவந்தது இது. எடிட்டர் பெயராகக் கார்பென்டர் போட்டுக்கொண்டது ஜான் டி. சான்ஸ், ரியோ பிராவோவில் ஜான் வெய்ன் நடித்த பாத்திரத்தின் பெயர். பேய் கிடையாது, ஆனால் அந்தக் கும்பல் இருட்டிலிருந்து அலை அலையாக வருகிற விதத்தைப் பார்த்தால் இதைத் திகில் படமாகத்தான் எடுத்திருக்கிறார் என்று புரியும். ஐஸ்கிரீம் வண்டி வருகிற காட்சி ஒன்று இருக்கிறது, சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள்.

இதை முன்னால் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், இதில் முன்பின் தெரியாதவர்கள், ஒரு போலீஸ்காரரும் ஒரு கொலைகாரனும், விடிவதற்குள் ஒருவரையொருவர் நம்பத் தொடங்குகிறார்கள். தி திங் இதையே தலைகீழாக எடுத்துக்கொள்கிறது: பல மாதம் சேர்ந்து சாப்பிட்டுத் தூங்கியவர்கள் ஒரே இரவில் ஒருவரையொருவர் நம்ப முடியாமல் போகிறார்கள். முதலாவது மனதில் இருந்தால் இரண்டாவது அடிக்கிற அடி பலமாக இருக்கும்.

தி ஃபாக் 1980. கடலோர ஊர் ஒன்று நூற்றாண்டு கொண்டாடுகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்ப் பெரியவர்கள் தொழுநோயாளிகள் வந்த கப்பலை ஏமாற்றிப் பாறையில் மோதவிட்டுத் தங்கத்தை எடுத்து ஊரைக் கட்டியிருக்கிறார்கள். இப்போது மூடுபனியோடு அவர்கள் திரும்ப வருகிறார்கள். கதையில் ஓட்டைகள் உண்டு. முதலில் எடுத்து முடித்ததும் பிடிக்காமல் கார்பென்டர் கணிசமான பகுதியை மறுபடி எடுத்தார், அந்த ஒட்டு சில இடங்களில் தெரியும். இருந்தும் எனக்கு இது பிடிக்கும். கலங்கரை விளக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வானொலியில் பேசுகிற பெண்ணின் குரல் ஊர் முழுக்கப் பரவுவதும், பனி எந்தத் தெருவில் நுழைகிறது என்று அவள் மேலிருந்து சொல்வதும், ராத்திரி தனியாக ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு நெஞ்சில் ஒட்டும். பனி உள்ளே வருவதற்கு முன்னால் கதவுக்கடியில் வெளிச்சம் வரும், அதைப் பாருங்கள்.

தி திங்: அவசரப்படாதீர்கள்

இதற்கு ஒரு முழு இரவை ஒதுக்குங்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு உட்காருங்கள், சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற படம் இல்லை. நாய்களை வளர்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நாய்க்கூண்டுக் காட்சி ஒன்று ரொம்பக் கொடுமையாக இருக்கும்.

அண்டார்டிகாவில் ஒரு அமெரிக்க ஆய்வு நிலையம், 12 ஆண்கள், குளிர்காலத் தொடக்கம். ஒரு நாய் பனியில் ஓடிவருகிறது, பின்னாலேயே ஒரு நார்வே ஹெலிகாப்டர் அதைச் சுட்டுக்கொண்டே வருகிறது. ஹெலிகாப்டரிலிருந்து இறங்குகிறவர் நார்வே மொழியில் கத்துவார். அதற்கு சப்டைட்டில் கிடையாது, என்ன சொல்கிறார் என்று இப்போது தேடாதீர்கள். அந்த மொழி தெரிந்தவர்களுக்குப் படத்தின் ரகசியம் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

வேற்றுலக உயிர் ஒன்று, தான் தொட்ட எதன் உருவத்தையும் அச்சு அசலாக எடுத்துக்கொள்ளும். இதுவரை ஓரத்தைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு இங்கே வேலை மாறுகிறது. ஹாலோவீனில் ஆபத்து பின்னணியில் நின்றது. இங்கே ஆபத்து முன்னாலேயே உட்கார்ந்து காபி குடிக்கிறது, அகலத் திரையில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள், அவர்களில் ஒருவரோ இருவரோ மனிதர் இல்லை. அதனால் பேசுகிறவரை விட்டுவிட்டுப் பேசாதவர்களைப் பாருங்கள். யார் யாரோடு தனியாக அறையை விட்டுப் போனார், யார் திரும்பி வந்தார், யாருடைய சட்டை மாறியிருக்கிறது. ஆரம்பத்தில் அந்த நாய் நிலையத்துக்குள் சத்தமே இல்லாமல் நடந்துபோய் ஓர் அறைக்குள் நுழையும், சுவரில் ஒரு மனித நிழல் தெரியும், அது யாருடையது என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. முதல் தடவை பார்க்கும்போது அந்த நடையைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுவோம். இரண்டாம் தடவை அதைப் பார்ப்பது போல் ஒரு திகில் வேறு எந்தப் படத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

உருமாற்றக் காட்சிகள் எல்லாம் ராப் பாட்டின் (Rob Bottin) என்ற இளைஞரின் கைவேலை, ரப்பரும் பசையும் கம்பியும். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கிடையாது. வேலையை எடுத்துக்கொண்டபோது அவருக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுதான், ஓய்வே இல்லாமல் உழைத்துக் கடைசியில் மருத்துவமனையில் படுத்தார். நாய்க்கூண்டில் வரும் உருவத்தை மட்டும் ஸ்டான் வின்ஸ்டன் செய்து கொடுத்தார். மருத்துவ அறையில் ஒரு காட்சி வரும், அதைப் பற்றி இதற்குமேல் நான் வாயைத் திறக்க மாட்டேன், யாரிடமும் கேட்டுக்கொள்ளாமல் போய்ப் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனைக் காட்சிக்கு வருவோம். ஆட்களைக் கட்டிப்போட்டு, ஒவ்வொருவரின் ரத்தத்தையும் தனித்தனித் தட்டில் எடுத்து, காய்ச்சிய கம்பியை அதில் தொடவைக்கிறார்கள். இசை கிடையாது. கம்பி ரத்தத்தில் பட்டு 'ஸ்ஸ்' என்கிற சத்தம், தீச்சுடர், காற்று, அவ்வளவுதான். ஒரே செயல் திரும்பத் திரும்ப நடக்கிறது, ஒவ்வொரு தடவையும் நமக்கு முடிவு தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் இருக்கிறது. திகில் படம் எடுக்க நினைக்கிறவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், இந்தக் காட்சியை ஷாட் ஷாட்டாக ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். கேமரா எங்கே இருக்கிறது, யார் முகத்தில் எவ்வளவு நேரம், கம்பி எத்தனை தடவை காட்டப்படுகிறது. பள்ளிக்கூடம் போன மாதிரி.

இரண்டாம் தடவை பார்க்கும்போது ரத்தம் சேமித்து வைத்த பெட்டியின் சாவி எந்தெந்தக் கைகளுக்குப் போகிறது என்று பின்தொடருங்கள். கடைசிக் காட்சியைப் பற்றி நாற்பது வருஷத்துக்கு மேலாக ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த விளக்கங்களைப் பார்ப்பதற்கு முன்னால் உங்களுக்கென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள், ஏனென்றால் ஒரு விளக்கத்தைப் படித்துவிட்டால் அதற்கப்புறம் கண் அதை மட்டும்தான் பார்க்கும்.

இவ்வளவு பெரிய படம் 1982 ஜூன் 25ல் வெளியாகித் தோற்றது. இரண்டு வாரம் முன்னால்தான் ஸ்பீல்பெர்க்கின் இ.டி. வந்து, அன்பான வேற்றுலக உயிரை ஊரே கொஞ்சிக்கொண்டிருந்தது. அதே 25ஆம் தேதி பிளேட் ரன்னர் வேறு. ஒன்றரைக் கோடி டாலர் செலவழித்த படம் அமெரிக்காவில் இரண்டு கோடியைத் தொடவில்லை. விமர்சகர்கள் அருவருப்பு என்றார்கள். எனியோ மோரிகோனே போட்ட இசை, அந்த இதயத்துடிப்பு மாதிரியான இரண்டு தட்டல், மோசமான இசை என்று ராஸி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கார்பென்டர் கைக்கு வந்திருந்த அடுத்த படம் போயிற்று. வீடியோவிலும் டிவியிலும் பார்த்தவர்கள்தான் இதை மெல்ல மெல்லத் தூக்கி நிறுத்தினார்கள்.

அப்புறம் என்ன

தி திங் ஒரு மூன்று பட வரிசையின் முதல் படம் என்று கார்பென்டரே சொல்வார். கதைத் தொடர்ச்சி கிடையாது, மூன்றும் உலக முடிவைப் பற்றியவை. இரண்டாவது 1987ல் வந்த ப்ரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்: ஒரு பழைய தேவாலயத்தின் அடியில் பச்சைத் திரவம் சுழலும் ஒரு பெரிய கலன், அதை ஆராய ஒரு பாதிரியார் இயற்பியல் பேராசிரியரையும் மாணவர்களையும் கூட்டி வருகிறார். ஆரம்பத்தில் பெயர்கள் நீண்ட நேரம் ஓடும், இசை நிற்கவே நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். நடிப்பு சில இடங்களில் மரக்கட்டை. ஆனால் எல்லாரும் தூங்கும்போது ஒரே கனவைக் காண்கிறார்கள், மங்கலான வீடியோவில் பதிவான செய்தி போல ஒரு கனவு. அதற்காகவே படத்தைப் பார்க்கலாம். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபிறகும் அது வரும்.

மூன்றாவது இன் தி மவுத் ஆஃப் மேட்னஸ், 1994. காணாமல்போன ஒரு திகில் எழுத்தாளரைத் தேடி ஒரு காப்பீட்டு விசாரணையாளர், சாம் நீல், வரைபடத்தில் இல்லாத ஒரு ஊருக்குப் போகிறார். எழுதியது நிஜமாகிறதா, தான் எழுதப்பட்டவனா என்று அவருக்கே தெரியாமல் போகிறது. ராத்திரி நெடுஞ்சாலையில் ஒரு சைக்கிள் வரும், அங்கே கவனமாக இருங்கள். மூன்றையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்க்கச் சொல்ல மாட்டேன், நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள்.

தே லிவ், 1988, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், வீட்டில் திகில் பிடிக்காதவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். வேலை தேடி நகரத்துக்கு வந்த ஒரு கூலித் தொழிலாளி கையில் ஒரு கறுப்புக் கண்ணாடி கிடைக்கிறது. போட்டுப் பார்த்தால் விளம்பரப் பலகையெல்லாம் வெறும் கட்டளையாகத் தெரிகிறது: கீழ்ப்படி, வாங்கு, தூங்கு. ரூபாய் நோட்டு மாதிரி அவர்களுடைய டாலரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடியைப் போடச் சொல்லி நண்பனோடு சந்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் அடித்துக்கொள்வார்கள், தள்ளி ஓட்டாதீர்கள். பக்கத்தில் இருக்கிறவனை உண்மையைப் பார்க்கவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைத்தான் அந்தச் சண்டை முழுக்கச் சொல்கிறது. இந்தப் படத்தை யூத வெறுப்புக் கூட்டங்கள் தங்களுக்குச் சாதகமாக இழுத்தபோது, 2017ல் கார்பென்டரே வெளிப்படையாக மறுத்தார், இது யப்பிகளையும், அதாவது நிறையச் சம்பாதிக்கிற நகரத்து இளைஞர்களையும், கடிவாளமில்லாத முதலாளித்துவத்தையும் பற்றிய படம் என்று. ரீகன் காலத்து அமெரிக்காவில் வேலையும் வீடும் இழந்தவர்களின் குடிசைப் பகுதியில் படம் தொடங்குவதை நினைவில் வைத்தால் சந்தேகமே வராது.

இவ்வளவும் பார்த்தபிறகு உங்களுக்கே வழி தெரியும். கார் காதல் பிடித்தால் கிறிஸ்டீன். நசுங்கிய கார் தானாகவே நிமிர்கிற காட்சி, தகடுகளை உள்ளிருந்து இழுத்து நசுக்கிப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டியது. மனசு லேசாக வேண்டுமானால் ஸ்டார்மேன், அதற்காக ஜெஃப் பிரிட்ஜஸ் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். தி திங் படத்தின் நாயகன் கர்ட் ரஸ்ஸலைப் பிடித்துவிட்டால் எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க், பிக் ட்ரபிள் இன் லிட்டில் சைனா. 1995ன் வில்லேஜ் ஆஃப் தி டாம்ட், 2001ன் கோஸ்ட்ஸ் ஆஃப் மார்ஸ், 2010ன் தி வார்ட் மூன்றையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவற்றில் தொடங்கினால் இந்த மனிதரை ஏன் கொண்டாடுகிறார்கள் என்றே புரியாது. பிற்காலத்தில் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டுமென்றால் மாஸ்டர்ஸ் ஆஃப் ஹாரர் தொடருக்காக 2005ல் எடுத்த சிகரெட் பர்ன்ஸ், ஒரு மணி நேரம்தான். பார்த்தவர்களை வெறிபிடிக்க வைத்த ஒரு சினிமாப் பிரதியைத் தேடிப்போகிற கதை. மவுத் ஆஃப் மேட்னஸ் பார்த்து ஒரு வாரத்துக்குள் பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று பேசும். அதற்கு இசை மகன் கோடி கார்பென்டர், பிறகு 2015லிருந்து அப்பாவும் அவரும் டேனியல் டேவிஸும் சேர்ந்து படமே இல்லாத படங்களுக்கு இசை போடுவதுபோல லாஸ்ட் தீம்ஸ் என்ற ஆல்பங்களை வெளியிடுகிறார்கள். 2018 ஹாலோவீனுக்கு இசையும் இந்த மூவர்தான்.